நன்றாக இருந்த நாலு தொட்டி

நம் லேப் ஃப்ரீசரைக் காலி செய்யப்போகிறீர்களாமே, யோகா போனில் சொன்னாள். புதிது வருகிறதாம், பழையதில் இருப்பதில் பாதி குப்பை என்று பேச்சாம். பாதி குப்பைதான், மறுக்கவில்லை. நானே சேர்த்த குப்பை. ஆனால் அடித்தட்டில் இடது மூலையில் நீல மூடி போட்ட ஒரு குப்பி கிடக்கும். அதன் மேல் என் கோழிக்கிறுக்கலில் 'ஜ.பா. வடிகால்' என்று எழுதியிருக்கும். அதை மட்டும் தொடாதீர்கள். ஏன் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். கேட்காத ஆளுக்கு இந்த வேலை லாயக்கில்லை.

ஓய்வு பெற்றபோது எனக்குப் பொன்னாடை போர்த்திய அன்று ஆளாளுக்கு மைக்கைப் பிடித்து, நான் காப்பாற்றிய இறால் பண்ணைகளையெல்லாம் வரிசையாகச் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு கூசியது. காப்பாற்றியது பொய் இல்லை. ஆனால் ஒரு ஆளைக் கவிழ்த்தும் இருக்கிறேன். அதை மேடையில் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் யோகாவையும் என்னையும் தவிர அதை முழுதாக அறிந்தவர் அங்கே இல்லை. அன்றே எழுந்து சொல்லியிருக்கலாம். கேசரி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இப்போது எழுதுகிறேன்.

ஜமால் பாய் என்று ஒருவர். மண்டபம் ஊருக்கு மேற்கே கடலோரத்தில் சின்னதாக ஒரு ஹேச்சரி வைத்திருந்தார். தாய் இறாலை வாங்கி, முட்டையிட வைத்து, குஞ்சு பொரித்து, வளர்ப்புப் பண்ணைகளுக்குக் கொடுப்பார். மொத்தம் ஆறு தொட்டி. அதற்கு முன் பத்தொன்பது வருஷம் அரபு நாட்டில் குளிர்சாதன லாரி ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போவார். மகள் சபீனா முதன்முதலில் 'வாப்பா' என்று கூப்பிட்டதை அவர் போனில்தான் கேட்டார். அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போது பாஸ்போர்ட்டைத் தூக்கி பீரோவுக்குள் போட்டுவிட்டு, இனிப் பட்டினி கிடந்தாலும் போவதில்லை என்று ஊரோடு உட்கார்ந்தார். இதை அவர் யாரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை. பரிசோதனைக்கு லேபில் தண்ணீர் கொடுக்க வந்தால்கூட இதைச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

என்னை அவர் 'டாக்டரம்மா' என்பார். நான் எந்தக் காலத்தில் டாக்டர்? பரமக்குடியில் தறிக்காரர் மகள், எம்.எஸ்சி. நுண்ணுயிரியல், அதுவும் இரண்டாம் வகுப்பு. முதல் தடவை அவர் அப்படிக் கூப்பிட்டபோதே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காதுக்கு நன்றாக இருந்தது.

அந்த வருஷங்களில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், நாம் பேஜ் என்கிறோமே, அந்தப் பைத்தியம். ஹேச்சரிகளைக் கெடுக்கும் விப்ரியோ கிருமிக்கு ஆன்டிபயாடிக் ஊற்றக் கூடாது, ஊற்றினால் ஏற்றுமதியில் வாங்குகிறவன் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவான். வேறு மருந்து கிடையாது. அப்படியிருக்க, அந்தக் கிருமியை மட்டும் தேடிப் போய்க் கொன்றுவிட்டு, இறாலைத் திரும்பியும் பார்க்காத ஒரு வைரஸ் நம் கடல்தண்ணீரிலேயே கிடக்கிறது என்றால் யாருக்குத்தான் தலை கிறுகிறுக்காது? போகிற இடமெல்லாம் பாட்டிலோடு போனேன். ஜமால் பாயின் ஹேச்சரி வடிகாலில் எடுத்த தண்ணீரில் ஒன்று கிடைத்தது. கிருமி படர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டால், ஆறு மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி தெளிந்த வட்டம் போட்டது. வட்டத்துக்குள் ஒரு கிருமி மிச்சமில்லை. அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மதுரையில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்து வாங்கினேன். பெரிய தலை, உறை போட்ட வால். நான் படித்து வைத்திருந்த ஒரு பேரினத்தின் ஜாடை அப்படியே இருந்தது. அந்தப் பேரினத்தில் உள்ளதெல்லாம் கொல்லும் வகை. நுழையும், பெருகும், கிருமியை உடைத்துக்கொண்டு வெளியே வரும், வேறு சோலி கிடையாது. அதுதான் இது என்று முடிவு கட்டிவிட்டேன். படத்தைப் பார்த்துப் பேரினம் சொல்வதும், நடையைப் பார்த்து இன்னார் மகன் என்று சொல்வதும் ஒன்று. பெரும்பாலும் சரியாக இருக்கும். மரபணு வரிசை பார்க்க வெளியூருக்கு ஒரு மாதிரி அனுப்பியும் இருந்தேன். முடிவு வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

அந்த மாதத்துக்குள் பாய் தலையில் இடி விழுந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தார். வழக்கமாகப் பத்து நிமிஷம் பேசுகிறவர் அன்று உட்காரவே இல்லை. தொட்டிகளைக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பார். தீனி போடத் தலையை உள்ளே விட்டபோது இரண்டு தொட்டியில் தண்ணீர் பச்சையாக ஒளிவிட்டதாம். ஒளிவிடும் விப்ரியோ. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் தாண்டிவிட்டால் குஞ்சை எடுத்துப்போகப் பண்ணைக்காரர்கள் வந்துவிடுவார்கள். அதற்கு முந்தைய இரண்டு முறையும் மழையிலும் கரண்ட் கோளாறிலும் போய்விட்டிருந்தது. இதுவும் போனால் பீரோவைத் திறப்பதைத் தவிர வழியில்லை என்று அவரே சொன்னார். தாய் இறாலும் அதுதான் கடைசி.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். இரண்டு தொட்டியையும் குளோரின் போட்டுக் கொன்று கொட்டிவிடுங்கள், மிச்சம் நாலையும் தனிக் குழாய், தனி வாளி என்று பிரித்து வையுங்கள், நாலு தேறினால் போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நாலும் நன்றாக இருந்தது. நானே தண்ணீர் எடுத்துப் பார்த்தேன். நாலு தொட்டிக் குஞ்சு அவரை ஊரில் நிறுத்தியிருக்கும்.

நான் சொன்னது வேறு. என்னிடம் ஒன்று இருக்கிறது பாய், உங்கள் வடிகாலிலேயே கிடைத்தது என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு தொட்டியில் மட்டும் ஊற்றினோம். அதுவரைக்கும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டேன். புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது. தார்ப்பாய்க்குள் தலையை விட்டபடியேதான் பேசினார், குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது. "அணைஞ்சிருச்சு டாக்டரம்மா. ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுசத் தரணும்" என்றார். அழுகிறார் என்று தெரிந்தது. எனக்கும் அழுகை வந்தது. அந்தச் சந்தோஷத்தை இன்று வரை வேறு எதிலும் நான் அனுபவித்ததில்லை, அதுதான் கேவலம்.

இந்தக் கிருமி தனியாக இருந்தால் ஒளி விடாது, கூட்டம் சேர்ந்தால்தான் விடும். பாடப்புத்தகத்தில் இருக்கிறது, பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். வெளிச்சம் அணைந்தால் கூட்டம் குறைந்துவிட்டது என்று அர்த்தம், எல்லாம் செத்துவிட்டது என்று இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நினைக்க எனக்கு அன்று நேரமில்லை. மிச்சத் தொட்டிகளுக்காகப் பேஜ் கரைசலைக் கேன்களில் ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் யோகா வந்தாள். அப்போது அவள் நம் லேபில் தட்டு, குடுவை கழுவும் வேலை பார்த்தாள். மண்டபம் அகதி முகாமிலிருந்து தினம் பஸ்ஸில் வருவாள். முந்தின நாள் தட்டுகளைக் குக்கரில் போட்டு அவிக்க அள்ளிக்கொண்டு போனவள், ஜன்னலோரம் நின்று ஒரு தட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். திரும்ப என்னிடம் கொண்டுவந்தாள்.

"அக்கா, இந்த வட்டத்துக்கு நடுவில ஏதோ புகை போலக் கிடக்கு. நேற்று இப்பிடி இருக்கேல்லை" என்றாள்.

நம் லேபில் அப்போது ஒரு பழக்கம். தட்டை ஆறு மணி நேரத்தில் பார்ப்போம், குறித்துக்கொள்வோம், கழுவப் போட்டுவிடுவோம். தட்டுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. மறுநாள் அந்தத் தட்டு என்ன ஆகிறது என்று எங்களில் ஒருவரும் பார்த்ததே இல்லை. கழுவுகிறவள் மட்டும்தான் பார்ப்பாள்.

நான் தட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "உனக்குக் கழுவுற வேல. அதப் பாரு" என்றேன். இதே வார்த்தையை, ஒரு எழுத்து மாறாமல் இப்படித்தான் சொன்னேன். அவள் தட்டைக் குக்கரில் போட்டாள். நான் கேன்களை ஆட்டோவில் ஏற்றினேன்.

ஹேச்சரியில் ஒளிவிட்ட இரண்டாவது தொட்டியில் ஊற்றி முடித்தேன். மூன்றாவதுக்கு வந்தபோது ஜமால் பாய் என் கையை மறித்த மாதிரி நின்று, "இந்த நாலும் நல்லாத்தானே இருக்கு, இதுக்கும் வேணுமா?" என்று கேட்டார். படிக்காத மனுஷன் கேட்ட கேள்வி, படித்தவள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. முன்னெச்சரிக்கை பாய் என்றேன். டாக்டரம்மா சொன்னால் சரி என்று ஒதுங்கி வழிவிட்டார். நாலிலும் ஊற்றினேன்.

இனி நடந்தது என்ன என்று உங்களுக்குப் புரிய, அந்த வைரஸ் யார் என்று சொல்ல வேண்டும். அது கொல்லும் பேரினம் இல்லை. அதே ஜாடை உள்ள வேறு பேரினம். முதலில் கொல்லத்தான் செய்யும், அதனால்தான் வட்டம் தெளிந்தது. ஆனால் அதன் பிழைப்பு கொல்வதில் இல்லை, குடிபுகுவதில் இருக்கிறது. பத்துக் கிருமியை உடைத்தால் ஒரு கிருமிக்குள் போய் அதன் மரபணு இழையோடு இழையாகத் தன்னைக் கோத்துக்கொண்டு, உள்ளே தாழ் போட்டுவிடும். தன் இனத்தானையே அதன்பின் உள்ளே விடாது. அந்தக் கிருமி பிரியும்போதெல்லாம் இதுவும் கூடவே பிரியும். அப்படிக் குடிபுகுந்த கிருமிகள்தான் மறுநாள் வட்டத்தின் நடுவில் மெல்ல முளைத்துப் புகையாகத் தெரிந்தன. யோகா பார்த்தது அதை. போதாததற்கு, இந்தப் பேரினத்து வைரஸ் சில, தங்கியிருக்கும் கிருமிக்கு விஷம் கக்கும் மரபணுவையும் கொண்டு வந்து கொடுக்கும். என்னுடையது அந்தச் சிலதில் ஒன்று.

கடல்தண்ணீர் உள்ள எந்தத் தொட்டியிலும் சாதுவான விப்ரியோ கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். நன்றாக இருந்த நாலு தொட்டியிலும் இருந்தது. அவற்றுக்கு விஷத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்.

சனிக்கிழமை முதல் தொட்டியில் குஞ்சு நீந்தாமல் சாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த நாலும் சேர்த்து எல்லாத் தொட்டியிலும் வெள்ளை வெளேரென்று அடியில் படிந்து கிடந்தது, ரவையைக் கொட்டிய மாதிரி. ஒளி எதுவும் இல்லை. பாய் தார்ப்பாயை எல்லாம் விலக்கிவிட்டு, வெயிலில் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நான் போனதும் எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார். என்னால் உட்கார முடியவில்லை. குழாய், மணல் வடிகட்டி, தாய் இறால் கிடந்த தொட்டி எல்லாவற்றிலும் அது ஏறிவிட்டிருந்தது. கடைசி முட்டையும் பொரித்த மூன்றாம் நாள் போயிற்று.

எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. யோகாவின் தட்டு கண்ணுக்குள் நின்றது. அதே மாதிரி ஒரு தட்டைப் போட்டு, இந்தத் தடவை மறுநாளும் பார்த்தேன். புகை தெரிந்தது. அப்போதைய எங்கள் தலைவரிடம் போய்ச் சொன்னேன். கெட்ட மனுஷர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, இயற்கையாகப் போனதாகவே இருக்கட்டும், வெளியே தெரிந்தால் இனி இந்தக் கரையில் ஒருத்தன்கூட நம்மிடம் மாதிரி கொண்டுவர மாட்டான், அது இன்னும் பத்துப் பேருக்கு நஷ்டம் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு வேண்டியதும் அப்படி ஒரு நியாயம்தான். வாயை மூடிக்கொண்டேன். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஊற்றியது அவசரத்தில் நடந்த பிசகு. அதற்காவது பதற்றம் என்று ஒரு சாக்கு உண்டு. பேசாமல் இருந்தேனே, அது தினம் காலையில் எழுந்து, பல் விளக்கி, காப்பி குடித்துவிட்டுச் செய்தது.

யோகா ஒரு நாளும் 'நான் அன்றைக்கே சொன்னேன்' என்று சொல்லவில்லை. அந்த மாதம் முழுவதும் வழக்கம்போல் வந்து கழுவினாள், போனாள். நான் மன்னிப்புக் கேட்டபோது, "பரவாயில்லை அக்கா, நீங்கள் அவசரத்தில நிண்டனீங்கள்" என்றாள். அதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

மரபணு வரிசை வந்த அன்று பாய் திரும்ப அரபு நாட்டுக்குக் கிளம்புகிற நாள். பேரினம் வேறு என்று அந்தக் காகிதத்தில் முதல் வரியிலேயே இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ராமநாதபுரம் ஸ்டேஷனுக்குப் போனேன். மதியம் மதுரை வண்டி. பாய் புதுச் சட்டை போட்டு, கயிறு கட்டிய பெட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சபீனா பத்தடி தள்ளித் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றாள். என்னைப் பார்த்ததும், நீங்களும் வழியனுப்ப வந்துட்டீங்களா என்று பாய் முகம் மலர்ந்தார். அந்த மலர்ச்சிதான் என்னைக் கொன்றது.

"பாய், உங்க தொட்டி தானாப் போகல. நான் ஊத்துனதுலதான் போச்சு. நல்லா இருந்த நாலும் என்னாலதான் போச்சு" என்றேன்.

அவர் பெட்டிக் கயிற்றை இழுத்து முடிச்சைச் சரிபார்த்தார். அப்புறம் கேட்டார். "ரெண்டோட நிறுத்தியிருந்தா, அந்த நாலும் நின்னுருக்குமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அறிவியலில் அந்த வார்த்தைக்கு எப்போதும் இடம் உண்டு. "நின்னுருக்கும் பாய்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். பேச ஆரம்பித்தவள் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று, நான் டாக்டரும் இல்லை, வெறும் எம்.எஸ்சி.தான், நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் பேசாமல் இருந்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அது மொத நாளே தெரியும்மா. நீங்க பயந்து பயந்து பேசுனீங்க. அப்படிக் கூப்பிட்டதும் நிமிந்து பேசுனீங்க. சரி, இருக்கட்டும்னு விட்டேன்."

வண்டி வருவதாக அறிவித்தார்கள். அவர் எழுந்தார். அது இப்போது எங்கன இருக்கு, அந்தக் கிருமியைத் தின்கிற சாமான் என்று கேட்டார். ஃப்ரீசரில் இருக்கிறது, இன்றைக்கே அழித்துவிடுகிறேன் என்றேன்.

"தூக்கிப் போட்டுறாதீங்க. புதுசா ஆளு வேலைக்கு வந்தா மொத நாள் அதக் காட்டுங்க. என் பேரச் சொல்லியே காட்டுங்க. இன்ஷா அல்லாஹ், இன்னொருத்தனாச்சும் ஊரோட இருப்பான்" என்றார். மகள் தலையில் கை வைத்தார். அவள் வாப்பா என்று ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். ஏறிவிட்டார்.

இன்குபேட்டர் கதவில் ஒட்டியிருக்கிறதே, 'எந்தத் தட்டையும் மறுநாள் பார்க்காமல் கழுவப் போடாதே' என்று, அது அந்த வாரம் எழுதியது. மறுநாள் தட்டைப் பார்க்கும் பொறுப்பு யோகாவுடையது என்று ஆக்கியதும் அப்போதுதான். அவள் இன்னும் உங்களோடு இருக்கிறாள். அவள் எதையாவது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கையில் இருக்கும் வேலையைக் கீழே வையுங்கள். இன்று உங்களுக்கு வரிசை ஒரு வாரத்தில் வந்துவிடுகிறது, குடிபுகும் மரபணு இருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் எதையும் தொடுகிறீர்கள். நல்லது. ஆனால் ஒருத்தர் கண்ணீரோடு வந்து வாசலில் நிற்கும்போது அந்த ஒரு வாரம் எவ்வளவு நீளம் என்று எந்தக் கருவியும் உங்களுக்குக் காட்டாது. நம்மிடம் இருக்கிற ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அப்போது நன்றாக இருக்கிற தொட்டி எது என்று முதலில் பாருங்கள். அதைத் தொடாமல் இருப்பதும் நம் வேலைதான்.

போன மாதம் சபீனாவுக்கு நிக்காஹ். எனக்கும் அழைப்பு வந்தது. பாய்க்கு லீவு கிடைக்கவில்லை. மகளுக்காக ஊரோடு உட்கார்ந்தவர், அவளுடைய நிக்காஹ்வைப் போனில் பார்த்தார். பெண்கள் பக்கம் மணப்பெண் அருகே யார் போனைப் பிடிப்பது என்று பேச்சு வந்தபோது, அவரே என்னைச் சொன்னாராம், டாக்டரம்மா பிடிக்கட்டும், அவங்களுக்குக் கை நடுங்காது என்று. ஒரு மணி நேரம் பிடித்திருந்தேன். சின்னத் திரைக்குள் தொப்பி போட்டு, சட்டைப் பொத்தான் கழுத்துவரை மாட்டி, லாரிக்குள் உட்கார்ந்திருந்தார். நெட் போய்ப் போய் வந்தது. முகம் உறைந்து உறைந்து நின்றது. கை விட்டுப்போகிற அளவுக்கு வலித்தது, இறக்கவில்லை.

ஸ்டேஷனில் அவர் கேட்டதில் பாதியைத்தான் நான் செய்தேன். குப்பியைத் தூக்கிப் போடவில்லை. புதிதாக வந்தவர்களுக்குக் காட்டியும் இருக்கிறேன், ஒரு பழைய மாதிரி என்று. பேரை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் என் பேரும் சேர்ந்து வரும் என்றுதான் வெறும் 'ஜ.பா.' என்று எழுதிவைத்தேன். புதிய ஃப்ரீசருக்கு மாற்றும்போது அந்த லேபிளைக் கிழித்துவிட்டு வேறு எழுதி ஒட்டுங்கள். ஜமால் பாய் ஹேச்சரி வடிகால் என்று முழுதாக எழுதுங்கள். கீழே, ஊற்றியவர் என்று போட்டு, என் பேரையும் எழுதுங்கள்.